சிமெண்டுத் தெருவில் தீமிதி

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாக யோசித்துக்கொண்டே இருந்தேன். இந்தத் தொடரில் என் கல்யாணத்தை எழுதிவிட்டேன். மாமியார் சண்டையை எழுதிவிட்டேன். கரும்பு வெட்டு ஆட்களுக்குச் சோறாக்கிப் போட்டுக் கை காய்த்துப் போனதையும் எழுதியாயிற்று. ஒவ்வொரு வாரமும் பேனாவைத் திறக்கும்போது இந்தக் கதை முன்னால் வந்து நிற்கும். "அப்புறம் வா" என்று அனுப்பிவிடுவேன்.

பயம்தான், வேறென்ன. அம்மன் திருவிழாவில் நடந்ததை எழுதினால் அம்மனையே குறை சொன்னவள் ஆகிவிடுவேன். நான் எட்டாவது வரை படித்தவள். வெள்ளிக்கிழமை தவறினாலும் தவறும், திரௌபதி அம்மனுக்கு நான் விளக்குப் போடுவது தவறாது. அதனால் போன வெள்ளிக்கிழமை அவளிடமே கேட்டேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் சொல்லுவார்கள். அவர்களை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

ஊர்ப் பெயரை மட்டும் எழுதமாட்டேன். மடுகரைக்கும் கரிக்கலாம்பாக்கத்துக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சத்தம்

வைகாசி மாதம். சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. கோயிலுக்கு எதிரே தெருவை அடைத்துக்கொண்டு நெருப்பு பரந்து கிடக்கிறது. பூங்கரகம் இறங்கிப் போய்விட்டது. மஞ்சள் புடவை கட்டின பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். என் ஓரகத்தி தனம், அதாவது என் கொழுந்தனாரின் மனைவி, கையில் வேப்பிலையோடு அம்மன் முகத்தைப் பார்த்தபடி இறங்குகிறாள். ஊரே "கோவிந்தா, கோவிந்தா" என்று கத்துகிறது.

அவள் பாதி தூரம் போயிருப்பாள். "டப்" என்று ஒரு சத்தம். தீபாவளி வெடி மாதிரி.

நெருப்புக்கு அடியில் இருந்து எதுவோ தெறித்தது. தனம் ஒரு காலைத் தூக்கினாள், சாய்ந்தாள், விழப்போனாள், விழவில்லை. மிச்ச நெருப்பையும் மிதித்துவிட்டுத்தான் அக்கரைக்குப் போனாள். போய்ப் பால் குழியில் காலை வைத்தாள். பால் சிவந்தது.

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தயக்கம். சொல்லவேண்டுமானால் கோயிலில் இருந்து ஆரம்பிக்க முடியாது. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் இருந்து ஆரம்பிக்கவேண்டும்.

ரோடா, ஆளா?

என் மாமனார் அந்த ஆபீசைக் கடைசிவரை பிரெஞ்சில் "மேரி" என்றுதான் சொல்லுவார். பிரெஞ்சுக்காரன் போனது அவருக்குத் தெரியும். ஆனாலும் வாய் பழகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் உள்ளாட்சித் தேர்தல் என்று ஒன்று நடந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது என் மகள் இடுப்பில் இருந்தாள். இப்போது அவள் இடுப்பில் ஒன்று இருக்கிறது. அடுத்த தேர்தல் வந்தபாடில்லை. ஆனால் மெம்பர் மட்டும் இருக்கிறார். ஏழுமலை என்று பெயர். பதவி எப்போதோ முடிந்துவிட்டது என்று அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. அவருக்கும் கேட்க நேரமில்லை.

அந்த வருடம் ஆணையர் ஒரு கலந்தாய்வுக் கூட்டம் போட்டார். கூட்டம் என்றால் தலை வேண்டும், தலைக்கு மகளிர் குழு. எங்களை வேனில் ஏற்றிக்கொண்டுபோய் நாற்காலிகளில் நிரப்பினார்கள். போண்டா கொடுத்தார்கள். கருத்துக் கேட்கும் கூட்டம் என்று பின்னால் துணியில் எழுதியிருந்தது. எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, சட்னி போதுமா என்பதைத் தவிர.

ஆணையர் அவசரத்தில் இருந்தார். "ஒரு ஊருக்கு ஒரு தீர்மானம். அதுதான் மேல போகும். உங்க ஊர்ல இருந்து ரெண்டு கோரிக்கை வந்திருக்கு. கோயில் தெருவுக்கு சிமெண்ட் ரோடு. தீயணைப்பு நிலையத்துக்கு ஆள். ரோடா, ஆளா? சீக்கிரம் சொல்லுங்க" என்றார்.

தீயணைப்பு நிலையம் பக்கத்து ஊரில் இருக்கிறது. அந்த நிலைய அதிகாரி ஓரமாக நின்றிருந்தார். அவருக்கு நாற்காலி இல்லை, நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

"வண்டி இருக்குது சார், தண்ணி இருக்குது. ஆள்தான் இல்ல" என்றார் அவர். "ஒரு டிரைவரு, ஒரு ஃபயர்மேன். ஷிஃப்ட்டுக்கு அவ்ளோதான் வர்றாங்க. டிரைவர் பம்பு கிட்ட நிக்கணும். ஓஸ் புடிக்கவே ரெண்டு பேர் வேணும் சார். யாருக்கானா அடிபட்டா தூக்கறதுக்கு யாரு?"

நியாயமாகத்தான் பேசினார். அதனால் யாருக்கும் பிடிக்கவில்லை.

ஏழுமலை எழுந்தார். வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "சார், நெருப்பு எப்பனா ஒரு தபா வருது. தெரு டெய்லி கீது" என்றார்.

கைதட்டல் அடங்க நேரம் ஆயிற்று.

மல்லாட்டையின் பங்கு

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரோடு கேட்டதற்கு மனுவில் எழுதின காரணம், மழைக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் சேற்றில் நடக்கிறார்கள் என்பது. ஊரில் பேசிக்கொண்ட காரணம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. மண் தெருவில் மல்லாட்டை காயவைத்தால் பாதி மண்ணோடு போகும். சிமெண்டு என்றால் கூட்டி அள்ளிவிடலாம். உளுந்தும் போடலாம், நெல்லும் போடலாம். பள்ளிப் பிள்ளைகள் ஓரமாக நடந்துகொள்ளும்.

கை தூக்கச் சொன்னபோது ஆளுக்காகத் தூக்கியது, எங்களோடு வந்திருந்த என் வீட்டுக்காரர் ஒருவர்தான். முந்தின கோடையில் எங்கள் கரும்புக் கொல்லை பற்றிக்கொண்டது. வண்டி மணி அடித்துக்கொண்டு சீக்கிரமே வந்துவிட்டது. வந்தது என்னவோ டிரைவர் மட்டும். ஃபயர்மேன் வேறு ஊருக்கு வேறு நெருப்புக்குப் போயிருந்தார். டிரைவர் குதித்து இறங்கி ஓஸை இழுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். போட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்து பம்பைப் போட்டார். மறுபடி ஓஸைப் பிடிக்க ஓடினார். அதற்குள் அது தண்ணீரின் வேகத்தில் சாரைப்பாம்பு மாதிரி நெளிந்து எங்களையே நனைத்தது. ஊர் இளவட்டங்கள் அத்தனையையும் போனில் படம் பிடித்து உதவி செய்தார்கள்.

அதனால் என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். ஏழுமலை எங்கள் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்கினார். நாங்கள் கையைத் தூக்கினோம். என் கையும் ரோட்டுக்குத்தான் போயிற்று. எங்கள் வீட்டில் ஜனநாயகம் உண்டு.

அதிகாரியின் மனு பரிசீலிக்கப்படும் என்றார் ஆணையர். அது எவ்வளவு மரியாதையான வார்த்தை என்று எனக்கு அப்போது தெரியாது.

குழி எங்கே?

ரோடு போட்டார்கள். பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே போட்டார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தது. கோயில் வாசலில் கல்வெட்டு வைத்தார்கள். அதில் ஏழுமலை பெயரும் இருந்தது, முன்னாள் என்ற வார்த்தை இல்லாமல்.

திருவிழாவுக்குக் கொடி ஏறியது. காப்புக் கட்டினார்கள். தனமும் கட்டிக்கொண்டாள். அவள் மகனுக்கு முந்தின வருடத்துக்கு முந்தின வருடம் டெங்குக் காய்ச்சல் வந்து பெரிய ஆஸ்பத்திரியிலேயே கையை விரித்துவிட்டார்கள். பிள்ளை பிழைத்தால் மூன்று வருடம் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தான். முதல் வருடம் மிதித்தாள், ஒரு கொப்புளம் இல்லை. இது இரண்டாவது வருடம்.

ஊர்க் கூட்டத்தில் பூசாரி மெதுவாகக் கேட்டார்: "அது சரி, குழி எங்க வெட்டறது?"

வேன் பிடித்துக் கூட்டத்துக்குப் போன ஊர், மனு எழுதின ஊர், மல்லாட்டை வரைக்கும் யோசித்த ஊர், வருடா வருடம் அந்தத் தெருவில்தான் தீக்குழி வெட்டுகிறோம் என்பதை மறந்துவிட்டது. இடத்தை மாற்றலாம் என்றால் முடியாது. அம்மன் முகத்தைப் பார்த்துத்தான் இறங்கவேண்டும். அம்மன் முகம் தெருவைப் பார்த்துத்தான் இருக்கிறது.

"சிமெண்ட ஒரு பத்தை ஒடச்சி எடுத்துடலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஏழுமலைக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. "ஒடைக்கறதா? இன்னா பேசற கலியபெருமா? கல்வெட்டுல பூ கூட இன்னும் காயல. எம்மெல்லே மூஞ்சில எப்டி முழிக்கறது?"

"அப்போ இன்னா பண்றது?"

"மேல மணலக் கொட்டு. மணல் மேல கட்டையப் போட்டுக் கொளுத்து. நெருப்புக்கு இன்னா தெரியும், அடியில மண்ணு கீதா சிமெண்டு கீதான்னு?"

எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானம் ஆகிவிட்டது. கல்யாண வீட்டுச் சிமெண்டுத் தரையில் விறகடுப்பு மூட்டித் தரை வெடித்ததைப் பார்க்காத பெண் எங்கள் ஊரில் கிடையாது. அன்றைக்கு ஒருத்திக்கும் அது வாயில் வரவில்லை. மத்தியானம் புளியங்கட்டை எரியும்போதே அடியில் படபடவென்று சத்தம் கேட்டது. கட்டை வெடிக்கிறது என்றார்கள். நாங்களும் தலையை ஆட்டினோம்.

இரண்டு கை

அப்புறம்தான் அந்தப் பெரிய சத்தம்.

தெறித்த சிமெண்டுச் சில்லு ஒன்று தனத்தின் உள்ளங்காலைக் கிழித்தது. அதோடு சேர்ந்து தெறித்த நெருப்புத் துண்டு கீற்றுப் பந்தலில் விழுந்தது. பந்தலுக்கடியில் அவ்வளவு ஜனம். கீற்று பற்றிக்கொண்டது.

தீமிதிக்குக் காவலாகத் தீயணைப்பு வண்டி வந்து நின்றிருந்தது. வண்டியில் ஒரு டிரைவர், ஒரு ஃபயர்மேன். அந்த ஃபயர்மேன் பையன் முதலில் தனத்தைத் தூக்கத்தான் ஓடிவந்தான். பாதி வழியில் பந்தலைப் பார்த்தான். நின்றான். அவன் முகத்தை நான் பார்த்தேன். பிறகு திரும்பிப் பந்தலுக்கு ஓடினான். அவனைக் குறை சொல்லமாட்டேன். கடவுள் அவனுக்கு இரண்டு கைதான் கொடுத்தார், அரசாங்கம் அதற்குமேல் கொடுக்கவில்லை.

ஓஸின் பின்பக்கத்தைப் பூசாரி பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரரும் போனவருடம் கரும்புக் கொல்லையில் பட்ட அனுபவத்தில் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். பந்தல் பாதியோடு அணைந்தது. ஓட்டத்தில் ஒரு கிழவர் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டார், மற்றபடி உயிர்ச் சேதம் இல்லை.

அதுவரை தனம் பால் குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் என் முந்தானையால் காலைக் கட்டினேன். ஜனக்கூட்டத்தில் ஆம்புலன்ஸ் உள்ளே வரமுடியவில்லை. கடைசியில் பந்தல் சாமான் ஏற்றி வந்த குட்டியானை வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் ஒன்றுதான் கேட்டாள்: "யக்கா, நான் நடுவுல நிக்கலயே? முழுசா மிதிச்சிட்டேன் இல்ல?"

கருவாடு

தையல் போட்டு வீட்டுக்கு வந்தோம். எங்களுக்கு முன்னால் செய்தி வந்திருந்தது.

காப்புக் கட்டின பிறகு தனம் கருவாடு தின்றாளாம். அதனால்தான் அம்மன் சுட்டாளாம். இல்லாவிட்டால் அத்தனை பேர் மிதித்ததில் இவள் காலில் மட்டும் ஏன்?

யார் முதலில் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கோயிலில் ஊரைக் கூட்டி அதை நாலு பேர் காதில் விழும்படி சொன்னவர் ஏழுமலை. "விரதம் கெட்டுப்போனா ஆத்தா சும்மா விடுவாளா? ஊருக்கே தீட்டாயிடுச்சி. அடுத்த வருசம் அந்தப் பொண்ணுக்குக் காப்பு கெடையாது. வந்து ஊர் முன்னால வுழுந்து கும்புடட்டும், அப்புறம் பாக்கலாம்."

மூன்றாவது வருட வேண்டுதல் பாக்கி இருக்கிறது. காப்பு இல்லாமல் தீயில் இறங்க முடியாது. செய்யாத தப்புக்கு விழுந்து கும்பிட்டால் தப்புச் செய்தவள் என்று ஆகிவிடும். விழாவிட்டால் பிள்ளைக்காகச் செய்த வேண்டுதல் நிற்கும். என் கொழுந்தனார் அதிகம் வாய் திறக்காத மனுஷன். "வுழுந்துட்டுத்தான் போயேன், இன்னா இப்போ" என்றார்.

ஒருநாள் தனம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ரகசியமாகச் சொன்னாள்.

"யக்கா, நான் தின்னல. என் புள்ள மேல சத்தியமா தின்னல."

"தெரியும்டி."

"ஆனா பக்கத்து வூட்ல வறுத்தாங்கக்கா. வாசன வந்துச்சி. நான் மோந்துட்டேன். அதுவும் சேத்தியாக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகை வந்தது. ஒரு நல்ல பெண்ணை மூச்சு விட்டதற்குக் கணக்குப் பார்க்க வைத்துவிட்டார்கள். அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் பிடித்தது.

"மூக்குக்கு இன்னாடி விரதம்? போயி சோறு தின்னு" என்று விரட்டினேன்.

மறுபடி போண்டா

தெருவில் நெருப்புப் போட்ட இடம் முழுக்கச் சிமெண்டு பெயர்ந்து கம்பி தெரிந்தது. மல்லாட்டை அதற்குள் விழுந்தது. ஊர் அதைத் தாங்குமா? மறுபடி கூட்டம், மறுபடி வேன், மறுபடி நாங்கள், கூடவே பூசாரியும். தீயணைப்பு அதிகாரியும் வந்திருந்தார். அதே மனு, அதே ஓரம்.

ஆணையர் மாறியிருந்தார், அவசரம் மாறவில்லை. "புது ரோடு எப்படிப் போச்சு? காண்ட்ராக்டர் மேல தப்பா?" என்று கேட்டார்.

ஏழுமலை துள்ளி எழுந்தார். "அய்யோ, இல்ல சார்! காண்ட்ராக்டர் தங்கமான ஆளு. தீமிதி நெருப்பு சார். சூடு தாங்காம சிமெண்டு வெடிச்சித் தெறிச்சிடுச்சி. சயின்ஸ் சார் இது."

நான் எழுந்தது எனக்கே தெரியாது. கையில் போண்டாத் தட்டு இருந்தது.

"மெம்பரே, அப்போ கருவாடு?"

ஆணையர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன கருவாடும்மா?"

"எங்க ஓரகத்தி தீ மிதிக்க சொல்ல வெடிச்சிது சார். அது கருவாடு தின்னதால ஆத்தா சுட்டுட்டான்னு கோயில்ல சொன்னாரு இவுரு. இங்க வந்து சூட்டால வெடிச்சிதுன்றாரு. கருவாட்டாலன்னா சொல்லட்டும், ரோட்ட எங்க குடும்பமே போட்டுத் தரோம். சூட்டாலன்னா அதே வாயால கோயில்ல வந்து சொல்லட்டும்."

பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்றாள். அதோடு கூடமே சிரித்தது. பூசாரி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஏழுமலை நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "யக்கா, அது வேற கணக்கு, இது வேற கணக்கு."

"கால் ஒன்னுதான மெம்பரே?"

ஆணையர் தொண்டையைக் கனைத்தார். "கருவாடு இன்னிக்கு அஜெண்டாவுல இல்ல. அடுத்தது" என்றார்.

தீயணைப்பு அதிகாரிதான் அடுத்தது. அவர் மனு பரிசீலிக்கப்படும் என்றார் புது ஆணையர்.

வேனில் திரும்பும்போது என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வீட்டில் என் வீட்டுக்காரர், "ஏ அஞ்சல, ஊரப் பகைச்சிக்கினியே" என்றார். அதிசயமாக அன்றைக்குத் தட்டை அவரே கழுவினார்.

மூன்றாவது வருடம்

ஏழுமலை கோயிலுக்கு வந்து எதையும் திருப்பிச் சொல்லவில்லை. ஊர் கூடி மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அப்படியெல்லாம் நடந்ததாக எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் நடக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஊர் ஆட்களே கடப்பாரை எடுத்துக் கோயில் முன்னால் ஒரு பத்தைச் சிமெண்டை உடைத்து எடுத்தார்கள், மண் கொட்டினார்கள். நல்ல ரோட்டின் நடுவில் சதுரமாக மண் தெரிகிறது, பைக்குகள் அங்கே வந்ததும் துள்ளுகின்றன. காப்புக் கட்டும் நாளில் தனம் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். பூசாரி ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டே வந்தார். அவள் முன்னால் வந்து நின்றார். பெரிய மனுஷர்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார். யாரும் தடுக்கவில்லை. "கைய நீட்டும்மா" என்றார்.

அவள் நீட்டினாள். மஞ்சள் கயிறு இரண்டு தரம் நழுவியது.

தீமிதி அன்று அதே வண்டி, அதே இரண்டு பேர் வந்து நின்றார்கள். தனம் இறங்கினாள். தையல் போட்ட காலைச் சற்றே சாய்த்துத்தான் அவளால் வைக்க முடியும். அதனால் மற்றவர்களைப்போல் ஓடவில்லை, நடந்தாள். நான் நெருப்பையே பார்த்தேன். மண் ஒன்றும் செய்யவில்லை. பால் குழியில் கால் வைத்தாள், பால் வெள்ளையாகவே இருந்தது.

இதைப் படிக்கிறவர்கள் தாராளமாக மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதினபடியே சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். ஏனென்றால் எங்கள் ஊரிலேயே இந்தக் கதை இப்போது வேறு மாதிரி நடக்கிறது. மூன்றாவது வருடம் அம்மன் மனமிரங்கித் தனத்தை மன்னித்துவிட்டாள் என்கிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், கன்னத்தில்கூடப் போட்டுக்கொள்கிறார்கள்.

தயவுசெய்து நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள். அம்மன் தனத்தை மன்னிக்கவில்லை. மன்னிக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை.